பாதியில் நின்ற ஜெபம்

கொரோனா வந்த இரண்டாவது வருஷம். இடம் பினாங்கு, ஜார்ஜ் டவுன். ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்காமல் ஆட்கள் காத்துக் கிடந்த மாதம் அது. நான் சவ அடக்கம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டுகிறேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பேச்சும் குறைவு. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தமிழ் சர்ச்சில் கடைசி பெஞ்சுதான் என் இடம். கதவுக்குப் பக்கம். வேலை போன் வந்தால் சத்தமில்லாமல் எழுந்து போய்விடலாம். என் பக்கத்தில் ஓர் அண்ணன் உட்காருவார். தீவுக்கும் அக்கரைக்கும் ஓடும் பெர்ரிக் கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியவர். மெதுவாகப் பேச அவருக்கு வராது. என் காதில் ரகசியம் சொன்னால்கூட முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே உட்காரும் அவர் மனைவியும்தான்; அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் கர்த்தருடைய ஜெபத்தை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். அதில் அண்ணன் எப்போதும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை முன்னால் போவார். ஒரு நாள் ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுக்கும்போது பாஸ்டர் அவரைச் சீண்டினார்.

"என்னாண்ணே, பெர்ரி கிளம்பிப் போயிடுச்சு. நாங்க எல்லாம் இன்னும் கரையிலயே நிக்கிறோம் லா."

"ஓடி வந்து ஏறுங்க பாஸ்டர்" என்றார் அண்ணன். வாசலே சிரித்தது.

நான் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவேன். பதினைந்து வருஷம் அப்படித்தான் போனது. அந்த ஜெபம் எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கொரோனா வந்ததும் ஆலயத்தைப் பூட்டினார்கள். ஆராதனை சூமில் நடந்தது. முதல் வாரம் நானும் போனைத் திறந்து உட்கார்ந்தேன். ஜெபம் என்றதும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எதுவும் ஒட்டவில்லை. நடுவில் யார் வீட்டுக் குக்கரோ விசில் அடித்தது. பாஸ்டர், "எல்லாரும் மைக்கை அடைங்க, மைக்கை அடைங்க" என்று கெஞ்சினார். அடுத்த வாரத்திலிருந்து அவரே எல்லோருடைய மைக்கையும் அடைத்துவிட்டார். அவர் மட்டும் சொல்வார். அவரவர் வீட்டில் அவரவர் வாயை அசைக்க வேண்டியதுதான். என் மனைவி அப்போது சிம்பாங் அம்பாட்டில் மகள் வீட்டில் இருந்தாள். என் வேலை அப்படி என்பதால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன். வீட்டில் நான் ஒருவன். போனைப் பார்த்து வாயை அசைக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அண்ணன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போன் அடிப்பார்.

"என்னா தம்பி, இன்னிக்கும் ஆளைக் காணோம்?"

"போன்ல என்னண்ணே ஜெபம்."

"நீ வரலைன்னா நான் யாரு காதுல கத்துறது? உன் அக்கா அடிக்க வர்றா."

அடுத்த வாரம் வருகிறேன் என்பேன். பல அடுத்த வாரங்கள் போயின.

ஒரு காலையில் ஆபீசில் அன்றைய வேலைத் தாளைக் கொடுத்தார்கள். இரண்டாவது வரியில் அண்ணன் பெயர் இருந்தது. அவருக்கு நோய் வந்ததே எனக்குத் தெரியாது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேனை எடுத்தேன். வேறு என்ன செய்வது.

அண்ணனுடைய மகள் போன் செய்தாள். அந்தப் பிள்ளைக்கும் தாய்க்கும் நோய் இருந்தது. கையில் அடையாளத்துக்குப் பிங்க் வளையம் கட்டி, வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அடக்கத்துக்கு வர முடியாது. நாலு மணிக்குப் பாஸ்டர் சூமில் ஜெபம் செய்வார் என்றும், என் போனைக் குழிப் பக்கத்தில் வைத்தால் போதும் என்றும் அந்தப் பிள்ளை சொன்னது. வைக்கிறேன் என்றேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் பெட்டியை முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்கெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். கூட வந்த சுகாதார இலாகா அதிகாரி ஒரு மலாய்க்காரர். இளவயது. கண் சிவந்திருந்தது. அவருக்கு அன்று இன்னும் இரண்டு இடம் பாக்கி. வானமும் இருட்டிக்கொண்டு வந்தது. இப்போதே முடிக்க வேண்டும் என்றார். பாதுகாப்பு உடை போடுவதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டேன்.

"அம்மா, இப்பவே அடக்கம் பண்ணச் சொல்றாங்க."

"நாலு மணின்னு சொன்னாங்களே அங்கிள்!"

"மாத்திட்டாங்கம்மா. மழையும் வருது."

"இருங்க அங்கிள், பாஸ்டருக்கு அடிச்சுப் பார்க்கிறேன்."

இரண்டு நிமிஷம் கழித்து அந்தப் பிள்ளை திரும்ப அடித்தது. பாஸ்டர் எடுக்கவில்லையாம், வீட்டில் இருந்தவர்கள்தான் எடுத்தார்களாம். புக்கிட் மெர்தாஜாமில் இன்னோர் அடக்கத்துக்குப் போனில் ஜெபம் செய்துகொண்டிருக்கிறாராம். "நானே சொல்றேன்மா" என்று தாயிடம் அந்தப் பிள்ளை சொல்வது கேட்டது. அக்கா போனை வாங்கினார்.

"தம்பி, இவ இங்க இருந்து சொல்லுவா. அவரு அங்க தனியாக் கிடக்காரு. பக்கத்துல நின்னு ஒரு ஆளு சொல்லணும்யா. ஜெபம் இல்லாம அவரை மண்ணுல வைக்காதீங்க."

"எனக்குப் பேச வராதுக்கா."

"பேச வேணாம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஜெபம்தான். பதினஞ்சு வருஷமா அவரு பக்கத்துல நின்னுதானே சொன்னீங்க."

சரி என்றேன்.

மகள் அனுப்பிய சூம் லிங்கை அழுத்தினேன். அந்தப் பிள்ளையும் தாயும் தெரிந்தார்கள். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பக்கத்துக் கல்லறைக் கல்லில் சாய்த்து வைத்தேன். என்னோடு மூன்று பேர். ஒருவர் சீனர், மற்ற இருவர் நேப்பாளிகள். அந்த ஜெபத்தைச் சொல்ல அங்கே என்னை விட்டால் ஆள் இல்லை.

பெட்டியை இறக்கினோம். கயிற்றை எடுத்தோம். நான் கை கட்டி நின்று ஆரம்பித்தேன். முகக்கவசத்துக்குள் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. அன்றாட அப்பம் கேட்கிற வரி வரை வந்தேன். அதற்கு மேல் வரவில்லை.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதே இடத்தில் நின்றது.

எத்தனையோ பேரை மண்ணில் இறக்கியவன் நான். எந்த வேலையும் பாதியில் நின்றதில்லை. ஞாயிறு தவறாமல் சொன்ன ஜெபம். சின்ன வயதில் படித்தது. எங்கே போனது என்று தேடினேன். அப்போதுதான் தெரிந்தது. நான் அதை ஒரு நாளும் தனியாகச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் ஒரு குரல் போகும், நான் பின்னால் போவேன். அந்தக் குரல் இப்போது பெட்டிக்குள் இருந்தது.

"செப்பாட் சிக்கிட் லா, பாங்" என்றார் அதிகாரி மெதுவாக, கொஞ்சம் சீக்கிரம் அண்ணே என்று. மழை தூற ஆரம்பித்தது. ஒரு மனுஷி என்னை நம்பிக் கேட்டது ஒரே ஒரு காரியம். அதையும் பாதியில் விட்டு நிற்கிறேன். கண்ணாடிக் கவசத்துக்குள் வேர்வையா என்னவோ, ஒன்றும் தெரியவில்லை.

அப்போது போனிலிருந்து அக்காவின் குரல் வந்தது. உடைந்த குரல். நான் விட்ட இடத்திலிருந்து, மன்னிப்புக் கேட்கிற வரியை அவர் எடுத்தார். பின்னால் மகள். அதற்குப் பின்னால் ஓர் ஆண் குரல். அது பாடகர் குழுவில் இருப்பவர் குரல். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஊறுகாய் விற்கும் அம்மா. அப்புறம் யார் யாரோ. சின்னப் பிள்ளைகள். நான் போனில் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன். நாங்கள் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை லிங்கைச் சபை வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் செய்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஒன்று முன்னால், ஒன்று பின்னால். எதுவும் ஒட்டவில்லை. முதல் வாரம் சூமில் கேட்ட அதே கூச்சல். யார் வீட்டிலோ குக்கர் விசில்கூட அடித்தது. அந்தக் கூச்சலில் ஏதோ ஒரு குரலைப் பிடித்தேன். யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

ஆமென் ஒரே தடவையாக வரவில்லை. ஒருவர் முடித்தார், இன்னொருவர் முடித்தார், மூன்றாமவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். வந்துகொண்டே இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த அதிகாரி குனிந்து, கையில் இருந்த பைலை என் போனுக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். அவசரப்படுத்தவில்லை. கடைசி ஆமென் வரும் வரை நின்றார்.

மண்ணைத் தள்ளினோம். உடையைக் கழற்றிக் கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தேன். இன்னும் யாரும் போகவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். அவர்களுக்கு என் பக்கம் வானம் மட்டும்தான் தெரிந்ததாம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நல்லபடியா முடிஞ்சுச்சா தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"முடிச்சிட்டோம்க்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறு சூமுக்குப் போனேன். பாஸ்டருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அந்த ஜெபம் வந்தபோது மட்டும், "எல்லாரும் மைக்கைத் திறங்க" என்றார். சரியான சத்தக்காடு. யாரும் குறை சொல்லவில்லை. ஆலயம் திறக்கும் வரை ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் சொன்னோம்.

இப்போது ஆலயம் திறந்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. முகக்கவசம் இல்லை, தள்ளி உட்கார வேண்டியதும் இல்லை. முன் பெஞ்சில் இருந்த அக்கா இப்போது கடைசி பெஞ்சுக்கு வந்துவிட்டார். நான் எப்போதும்போல் கதவுப் பக்கம். அக்காவுக்குச் சன்னமான குரல். காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

வேனைத் தனியாக ஓட்டிப் போகும்போது சில நாள் அந்த ஜெபத்தைச் சொல்லிப் பார்ப்பேன். இன்றும் அதே இடத்தில் நிற்கும். தாளில் எழுதி வைத்து மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் நிற்கிற இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போக ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒரு நாள் நின்றுவிட்டால், அன்றைக்கு என் குரலும் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே நான் ஒரு வாரமும் விடாமல் போகிறேன்.