பெரியப்பாவின் நெஞ்சுப் பட்டை

அன்று தேனி ஆஸ்பத்திரி அறையில் இருந்தது ஆறு பேர். சன்னலோரக் கட்டிலில் பெரியப்பா, அவர் காலடியில் பெரியம்மா, சுவரோரக் கட்டிலில் அப்பா, தலைமாட்டில் நான், ஒரு நர்ஸ், பெட்டியைப் பார்க்க வந்த டெக்னீசியன். அண்ணன் தம்பி இருவர் நெஞ்சிலும் தீப்பெட்டி அளவில் ஒரே மாதிரிப் பட்டை ஒட்டியிருந்தது. வயர் கிடையாது. துடிப்பை அதுவே கட்டிலருகே இருந்த பெட்டிக்கு அனுப்பும். பெட்டியில் அது பச்சைக் கோடாக ஓடும்.

அதற்கு முந்தின நாள் வீரபாண்டிப் பக்கம் வாய்க்கால் மடையில் நடந்த சண்டையில்தான் இருவருக்கும் நெஞ்சுவலி. அப்பாவின் முறைத் தண்ணீரைப் பெரியப்பா தன் வயலுக்குத் திருப்பியிருந்தார். எங்கள் நாற்று கருகிக் கிடந்தது. வேறு கட்டில் காலியில்லை என்று அந்த மனிதரின் பக்கத்திலேயே அப்பாவைப் படுக்க வைத்தது எனக்கு வயிற்றெரிச்சல். அதைவிடப் பயம் அந்தக் கோடு. அது நடுநடுவே அறும், பெட்டி கத்தும். ஒவ்வொரு தடவையும் அப்பா போய்விட்டார் என்றே நினைத்து, மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். எட்டாவதோடு நின்றவன் நான். அந்தக் கோட்டை நம்புவதைத் தவிர வேறென்ன தெரியும்?

டெக்னீசியன் சொன்னார்: "ரெண்டு பட்டையும் ஒரே சேனல்ல, ஒரே நேரத்துல பேசுது. ஒண்ண ஒண்ணு அமுக்குது. நிசமாவே நெஞ்சு நின்னாலும் நமக்குத் தெரியாமப் போயிரும். முறை வச்சு விட்டுர்றேன். ஒண்ணு பேசயில இன்னொண்ணு சும்மா இருக்கும்."

"மொத முறை மூத்தவனுக்கு" என்றார் பெரியப்பா.

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பல தடவ மாறிரும்யா. இதுல மொத என்ன, கடைசி என்ன?"

"அந்தச் சிமிட்டு போதுமே அந்தாளுக்கு, மடையத் திருப்ப!" அப்பா பட்டையைப் பிய்த்துத் தரையில் எறிந்தார். கோடு நேராகப் படுத்துவிட்டது. அது வெறும் பட்டைதான் என்று தெரிந்தும் அப்பா மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன்.

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி வேண்டாம்னுட்டான். ஏலே, நீதான் சாட்சி."

"சாவக் கெடக்கயிலயும் மடைப் பேச்சுதானா?" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசியில் டெக்னீசியன் பெரியப்பாவின் பட்டையை வேறு சேனலுக்கு மாற்றினார். "ஆளுக்கொரு வாய்க்கால். போதுமாய்யா?" அதன் பிறகே அப்பா மறுபடி ஒட்டவிட்டார். கோடு அறாமல் ஓடியது.

பெரியப்பா போன வருசம் இறந்தார். கேதத்துக்கு அப்பா போகவில்லை. நானும் போகவில்லை, வருத்தமும் இல்லை. இப்போது அதே மாதிரிப் பட்டை அப்பா நெஞ்சில், வீட்டிலேயே. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. என்றாலும் எப்போதாவது கோடு நடுங்கும். நான் பதறி எழுந்து ஓடுவேன். அப்பா கண்ணைத் திறக்காமலே சொல்வார்:

"பதறாதடா. அந்தாளுதான். இன்னும் என் முறையில கை வைக்கிறான்."