விடை ஒத்துப் பார்க்க ஆளில்லை

எங்க உக்குவளைப் பள்ளிக்கூடத்துல உயர்தர வகுப்புக்குக் கணிதப் பிரிவு எடுத்தது நான் ஒருத்திதான். ஒரே ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பு, ஒரு கரும்பலகை, ஒரு ஃபேன். ராணி மாதிரி இருக்கலாம்னு நெனச்சுத்தான் போய் உட்கார்ந்தேன். அந்த நெனப்பு முதல் கிழமையே போயிருச்சு. கணக்குப் படிப்பிச்ச சேரும் இடமாற்றம் வாங்கிப் போனதுக்கப்புறம், இன்டர்வெல் மணி அடிக்கிற வரைக்கும் ஒரு மனுஷக் குரல் கேட்காத நாளெல்லாம் உண்டு.

பள்ளிக்கூட அதிபர் கெட்டவர் இல்ல. ஆனா கூப்பிட்டு வச்சு வெளிப்படையாவே சொல்லிட்டார். இந்தத் தவணைப் பரீட்சையில இணைந்த கணிதம் பாஸ் பண்ணலன்னா கலைப் பிரிவுக்கு மாறிடணும், ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பை வச்சுக்கிட்டு மேலிடத்துக்குப் பதில் சொல்ல அவரால முடியாதாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இன்ஜினியராகப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சவ நான். மாறிட்டு எந்த முகத்தோட ரோட்டுல நடக்கிறது?

அதனால சனிக்கிழமையில பஸ் ஏறி மாத்தளை டவுனுக்கு டியூஷனுக்குப் போனேன். சிங்கள மீடியம், ஹோல் நிறையப் பிள்ளைகள். சிங்களம் எனக்கு நல்லா வரும், பஸ்ல சண்டையே பிடிப்பேன். ஆனா கேட்கிறதை மனசுக்குள்ள தமிழாக்கி எழுதுறது வேற வேலை. எப்பவும் சேருக்கு ஒரு வரி பின்னாலதான் நிற்பேன். கடைசி வரிக்கு வந்தா போர்டைத் துடைச்சு முடிச்சிருப்பார். பக்கத்துல இருந்த பிள்ளைகிட்ட கொப்பியைக் கேட்டிருக்கலாம். சண்டை பிடிக்க வர்ற சிங்களம் எனக்கு உதவி கேட்க வராது.

மட்டுச் சமன்பாடும் அப்படித்தான் அரைகுறையா என் கொப்பிக்கு வந்து சேர்ந்துச்சு. ரெண்டு நிலைக்குத்துக் கோட்டுக்கு நடுவுல இருக்கிறது மறை எண்ணா இருந்தாலும் வெளிய வரும்போது நேர் எண்ணாத்தான் வரும். அதனால ரெண்டு விதமாவும் வச்சுத் தீர்க்கணும். அதுவரைக்கும் எழுதியிருந்தேன். |x − 4| = 2x + 1 இப்படி ஒரு கணக்கு. ஒரு விதமாத் தீர்த்தா x = −5, மத்த விதமாத் தீர்த்தா x = 1. ஆனா பயிற்சிப் புத்தகத்துக்குப் பின்னால விடை 1 மட்டும்தான் இருந்துச்சு.

கலைப் பிரிவுப் பிள்ளைகள் எந்தப் பேப்பர் செஞ்சாலும் மரத்தடியில கூடி விடை ஒத்துப் பார்ப்பாங்க. எனக்கு யார் இருக்கா? காலையில செஞ்சதை மூடி வச்சுட்டு, சாயந்தரம் திரும்பச் செஞ்சு, நானே என்னோட ஒத்துப் பார்ப்பேன். அதே −5, அதே 1. காலையில விட்ட பிழையைத்தானே சாயந்தரமும் விடுவேன்? அது அப்ப தோணல. அச்சடிச்சவன் ஒரு விடையை முழுங்கிட்டான்னு ஒரு கிழமை பூரா அவனைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

கடைசியில, புத்தகம் பிழைன்னு காட்டுறதுக்காகவே −5ஐத் தூக்கித் திரும்பச் சமன்பாட்டுக்குள்ள போட்டேன். இடது பக்கம் 9 வந்துச்சு, வலது பக்கம் −9. மட்டு எப்படி மறையாகும்? விடைன்னு வந்து நின்னது விடையே இல்ல. நான் தவறவிட்ட கடைசி வரி இதுதான், வந்த விடையைப் போட்டுப் பார்க்கணும். யார்கிட்டயாவது சொல்லணும்னு வகுப்பை விட்டு வெளிய ஓடி வந்தேன். வராந்தாவுல யாருமில்ல. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொன்னேன். புடவைக் கடையில நாள் முழுக்க நின்னுட்டு வந்தவங்க, சரியா வந்திருச்சுல்ல, சாப்பிடுன்னாங்க. அவங்க மேல குறை இல்ல. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கல.

பரீட்சையில அதே மாதிரிக் கணக்கு வந்துச்சு. ரெண்டையும் போட்டுப் பார்த்து, பொருந்தாததை வெட்டினேன். பாஸ். அதிபர் கூப்பிட்டு வாயாரப் பாராட்டினார். பிறகு குரலை இறக்கினார்.

"மகள், புதுசா வர்ற பிள்ளைகள்லயும் கணிதத்துக்கு யாரும் இல்ல. கடைசி வரைக்கும் தனியாத்தான் இருக்கணும். இப்பவும் மாறலாம், யோசிச்சுச் சொல்லுங்க."

மரத்தடியில அந்தப் பிள்ளைகள் விடை ஒத்துப் பார்த்துச் சிரிக்கிற சத்தம் ஜன்னலால கேட்டுச்சு.

"இருக்கேன் சேர்"னு சொன்னேன்.

கேட்டது கிடைச்சிருச்சு. வகுப்புக்கு வந்து கதவைச் சாத்திட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். ஆளில்லாத வகுப்பு அதுக்கு மட்டும் நல்ல வசதி.