சொறி இல்லை, சொரியாசிஸ்

முழங்கையில் முதலில் தடித்தபோது பழியைத் திராட்சைத் தோட்டத்தின் மேல் போட்டேன். பந்தலுக்கு மருந்தடிக்கையில் சட்டைக்கையை மடித்துவிட்டிருப்பேன், பட்டிருக்கும் என்று நினைத்தேன். எங்கள் காமயகவுண்டன்பட்டியில் தோலில் எது வந்தாலும் ஒன்று மருந்து பட்டது, இல்லையென்றால் படை. மூன்றாவது கிடையாது. மெடிக்கல்காரர் படை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். தடவினால் அமுங்கும், நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். தலை, கழுத்து, முழங்கால் என்று ஏறி இறங்கியது. காலையில் எழுந்தால் பாயில் தவிடு கொட்டியது போலச் செதில். உதறி உதறியே அலுத்துப்போனேன்.

கடைசியில் தேனிக்குப் போய் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். “படைன்னா ஓரம்தான் தடிச்சிருக்கும், நடுவுல தெளிஞ்சு வரும். இது முழுக்க ஒரே தடிப்பா இருக்கு” என்றார். கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் மெல்லச் சுரண்டினார். மெழுகுத் துருவல் மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. அடியில் ஊசிமுனை அளவில் ரத்தப் புள்ளிகள். நகங்களைப் பார்த்தார். குண்டூசியால் குத்தியது போல் அவற்றில் குழிகள் இருப்பதை அப்போதுதான் நானே கவனித்தேன். காலையில் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார்.

“இது சொரியாசிஸ். உங்க உடம்பே தோலை அவசர அவசரமா வளர்க்குது. கட்டுக்குள்ள வைக்கலாம். யாருக்கும் ஒட்டாது.”

நிம்மதியாக இருந்தது, ஊர் வந்து சேரும் வரை. அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்குத் தமிழ் தெரியாது. நான் சொரியாசிஸ் என்பேன். கேட்பவர் காதில் சொறி மட்டும் விழும். “ஏலே, சொறின்னா ஒட்டுமேடா!” என்று கூட்டாளியே தள்ளி உட்கார்ந்தான். டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

தங்கையைப் பழனிசெட்டிபட்டியில் கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, எங்க அத்தை பயப்படுறாக. கொழுந்தன் மடியில வச்சுக்கிருவோமான்னு கேக்காக.”

“சொறி இல்ல ஆத்தா, சொரியாசிஸ். ஒட்டாது.”

“எனக்குத் தெரியும்ண்ணே. நானும் எத்தனை தடவைதான் சொல்றது?”

மறுநாள் மாமியாரைச் சம்மதிக்க வைத்துவிட்டு மறுபடி போன் செய்தாள். நான் முழுக்கைச் சட்டை போட வேண்டுமாம். மடியில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன் மேல் பிள்ளையை உட்கார வைப்பார்களாம். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. சரி என்று சொன்னேன்.

காதுகுத்து அன்று அப்படியே உட்கார்ந்தேன். எல்லோரும் ஜமுக்காளத்தையே பார்ப்பது போலிருந்தது. ஆசாரி முதல் காதில் குத்தியதும் பிள்ளை வீறிட்டது. திமிறித் திரும்பி, இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தடித்துக் கிடந்த இடத்திலேயே முகத்தைப் புதைத்தது. மாமியார்க்காரம்மா பதறி வந்து இழுத்துப் பார்த்தார். பிள்ளை பிடியை விடவில்லை.

வெடித்த தோலில் அவள் கண்ணீர் பட்டு எரிந்தது. எரியட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.