அண்ணன் கடைந்த பேனாக்களும் நான் கழற்றிய பெல்ட்டும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று புதுச்சேரி சாரத்தில் உள்ள அவர் வீட்டுக்கு வந்து, அவர் படத்துக்குப் பூப் போட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். உங்களில் பலருடைய சட்டைப் பையிலோ கைப்பையிலோ அண்ணன் கடைந்து கொடுத்த மரப்பேனா ஒன்று இருக்கும். நான் இதில் நல்லதை மட்டும் எழுதப்போவதில்லை. எனக்கு வாய் நீளம் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வாயால் ஒருவருக்குச் செய்த அநியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் கட்டுரை எழுத நானே முன்வந்தேன்.

அண்ணன் பிறந்தது முதலியார்பேட்டையில். அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டினார். அண்ணனுக்குப் பதினேழு வயதிருக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அப்போது எனக்கு எட்டு வயது. ஐ.டி.ஐ.யில் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த அண்ணன், அதை மடித்து அப்பாவின் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஆலையின் ஒர்க் ஷாப்பில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். மூன்றே வருஷத்தில் கடைசல் இயந்திரமான லேத்துக்கு முன்னால் நின்றார். தறிகளுக்கு வேண்டிய இரும்பு உருளைகளும் அச்சுகளும் அவர் கையில்தான் கடைந்தெடுக்கப்பட்டன. அவர் கடைந்ததை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்னை நர்சிங் படிக்க வைத்தது அவர்தான். "பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று மாமா கேட்டபோது, "நாளைக்கு எனக்கு ஊசி போட ஆள் வேணும் இல்ல மாமா?" என்று சொல்லி மழுப்பிவிட்டார். என் படிப்பு முடிந்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே விட்டார். வில்லியனூரிலிருந்து அண்ணி வந்தார். குழந்தை இல்லை என்ற குறையை இருவரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆலை மூடியபோது நம் குடும்பங்களில் எத்தனை பேர் இடிந்து உட்கார்ந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அண்ணன் ஒரு வாரம் வீட்டில் இருந்தார். அடுத்த வாரம் உழவர்கரையில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் பிடித்துவிட்டார். அறுபத்திரண்டு வயது வரை அங்கேதான்.

ஆலையில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அண்ணனுடைய கூட்டாளி ஒருவர் கழுத்தில் துண்டு போட்டபடி லேத்தில் குனிந்திருக்கிறார். சுற்றிக்கொண்டிருந்த இரும்பு, கழுத்துத் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டது. அண்ணன்தான் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். அந்த மனிதர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு அவர் குரல் பழைய குரலாக இல்லை. அன்றிலிருந்து லேத் இருக்கும் இடத்தில் தொங்கும் துணி எதையும் அண்ணன் அனுமதித்ததில்லை. வேலை செய்யும்போது கை வைத்த பனியன்தான் போடுவார். நாங்கள் பக்கத்தில் போனால், "முந்தானைய இடுப்புல சொருகிக்கினு உள்ள வா" என்பார். யாராயிருந்தாலும் அதே சட்டம்தான்.

பட்டறையை விட்டு நின்றபின் அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. காலை எட்டு மணிக்குக் குளித்து, தலைவாரி, எங்கேயோ கிளம்புகிறவர் மாதிரி வாசலில் நிற்பார். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு மேஜைமேல் வைக்கிற அளவில் ஒரு மர லேத் வாங்கிப் பின்கட்டு அறையில் இறக்கி வைத்தேன். ஆம், வாங்கிக் கொடுத்தது நான்தான். "இரும்பக் கடைஞ்ச கைக்கு இது பொம்மை பாப்பா" என்று கேலி செய்தார். நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவருக்குப் பாப்பாதான். ஒரு மாதத்தில் அந்தப் பொம்மையை விட்டு அவரைப் பிரிக்க முடியவில்லை.

அவர் பேனா செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் உங்களை உட்காரவைத்து ஒரு நோட்டில் பெயரை எழுதச் சொல்வார். எழுத்தைப் பார்க்கமாட்டார், விரல்களைப் பார்ப்பார். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள், எந்த விரலில் அழுத்துகிறீர்கள் என்று பார்த்துவிட்டு, "சரி, எழுந்திரு" என்பார். பிறகு புயலில் சாய்ந்த பூவரசோ, பழைய கதவின் தேக்கோ, ஒரு சாண் துண்டு எடுத்து, நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் மாட்டுவார். சதுரமாக இருந்த கட்டை உளி பட்டு உருண்டையாகும். அப்புறம் உப்புத்தாள். முரட்டுத் தாளில் தொடங்கி மெல்லிய தாள் வரை, மரம் பளபளவென்று ஆகும்வரை தேய்ப்பார். கடைசியில் மெழுகு போட்டு, ரீஃபிலைச் செருகி, உங்கள் கையில் வைத்து, "எழுதிப் பாரு" என்பார். யாருக்கும் விலைக்குத் தந்ததில்லை.

எதிர்வீட்டுச் சொல்தா ஐயாவை உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருவதற்கு, தான் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒரு தரம் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கை நடுக்கத்தில் கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒரு தினுசாக வந்து அவரைக் கலங்கடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அவருக்குக் கட்டைவிரல் பருமனில், நடுவில் லேசாகப் பள்ளம் வைத்து ஒரு பேனா கடைந்து கொடுத்தார். விரல் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. "மெர்சி தம்பி, இன்னும் ஒரு வருஷம் உசுரோட இருக்கேன்" என்று சொல்தா ஐயா ஒவ்வொரு வருஷமும் வந்து பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போவார். இப்போதும் இருக்கிறார். அண்ணன்தான் இல்லை.

அந்தப் பின்கட்டு அறையில் ஒரு சன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டார் துணி உலர்த்தும் கொடி. மரத்தூள் அவர்கள் துணியில் படியும் என்று அண்ணன் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் வேலை செய்வார். மின்விசிறி போட்டால் தூள் பறக்கும் என்று அதையும் நிறுத்திவிடுவார். இரும்பு கடைந்த காலத்தில் சீவல் கனமாகக் கீழே விழும், எண்ணெய் அதைப் பிடித்துக்கொள்ளும். மரத்தூள் அப்படி விழாது. உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி காற்றிலேயே நிற்கும். நாற்பது வருஷம் இரும்போடு பழகிய மனிதருக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மாஸ்க் போடச் சொன்னால், "மூஞ்சில துணி கட்டிக்கினு லேத்து முன்னாடி நிக்கறதா? நல்லா சொன்ன போ" என்பார். ஊரே மாஸ்க் போட்டுத் திரிந்த கொரோனா காலத்தில்கூட, தெருவில் போட்டிருந்ததை அந்த அறை வாசலில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறோம் என்று கடைசிவரை நம்பினார்.

இருமல் வந்து ஒன்றரை வருஷம் ஆனது. நான் முப்பத்தைந்து வருஷம் வார்டில் நின்ற நர்ஸ். இருமலைக் கேட்டே நோயைச் சொல்வேன் என்று பெருமை பேசியவள். என் அண்ணன் இருமலுக்கு மட்டும் மழைக்காலம், பனிக்காலம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். லாஸ்பேட்டையில் இருக்கிற என் வீட்டு மாடிப்படியில் அவர் நடுவழியில் உட்கார்ந்துவிட்ட அன்றைக்குத்தான் பதறிக்கொண்டு அழைத்துப்போனேன். நுரையீரல் இரண்டும் தழும்பேறிப் போயிருந்தன. "பழைய ஆலைப் பஞ்சா, இப்ப இருக்கற மரத்தூளா, பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. இனிமே தூசியே ஆகாது" என்றார் டாக்டர்.

அன்று மாலையே லேத்தின் பெல்ட்டைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பெல்ட் இல்லாமல் மோட்டார் ஓடலாம், மரம் சுற்றாது. அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் ஒரே ஒரு தடவை கேட்பார், "எடுத்தாந்தியா பாப்பா?" என்று. நான் வேறு பேச்சு பேசுவேன். அவரும் விட்டுவிடுவார். ஆறு மாதத்தில் மூக்கில் ஆக்சிஜன் குழாய் வந்தது. படுத்தால் எழுந்திருக்க மனமில்லாமல் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. அதையெல்லாம் நோயின் கணக்கிலேயே நான் எழுதினேன்.

ஆடி மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மாத்திரை கொடுத்துவிட்டு வரலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் போனேன். கட்டில் காலியாக இருந்தது. குழாய் மட்டும் நீளமாகப் பின்கட்டுக்குப் போயிருந்தது. பின்னாலேயே போனேன். சன்னல் திறந்திருந்தது. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்கில் குழாயோடு உளியைப் பிடித்திருந்தார். அண்ணி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, லேத்தின் பக்கவாட்டில் இருக்கும் கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தார். மரம் மெதுவாகச் சுற்றியது.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "உங்களுக்கு அறிவு இருக்கா அண்ணி? அவரக் கொல்லப் பாக்கறீங்களா?" என்று கத்தினேன். அண்ணி சக்கரத்தை விட்டார். அண்ணன் உளியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். "அவள ஒண்ணும் சொல்லாத பாப்பா. சரி, நான் இனிமே வரல" என்றார். சொன்னபடியே அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் போகவில்லை. எழுபது நாள் கட்டிலில் கிடந்து, ஒரு புரட்டாசி மதியத்தில் அண்ணியின் கையைப் பிடித்தபடி அடங்கிவிட்டார்.

சாவு வீட்டில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மூச்சு விட முடியாத மனுஷன லேத்துல உக்கார வெச்சாங்க. இல்லன்னா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு" என்று ஒருவரிடம் சொன்னேன். அது ஒருவரோடு நிற்கவில்லை. கருமாதி வரைக்கும் அண்ணிக்கு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. சொன்னவள் நான். அண்ணி ஒருவரிடமும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, டாக்டருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர்தான் கேட்டார்: "அந்தப் பேனாவ முடிச்சாராம்மா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். அண்ணி என்னிடம் சொல்லாமல் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறார். மோட்டார் போடாமல், கையால் சுற்றி, உளியால் மட்டும் சீவினால் தூசி வருமா என்று கேட்டிருக்கிறார். உப்புத்தாள் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும், களைத்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி டாக்டரே அனுமதி கொடுத்திருக்கிறார். "அவருக்கு அதனால ஒரு நாள்கூடக் குறைஞ்சிருக்காதும்மா. நோய் அந்தக் கட்டத்தத் தாண்டிடுச்சு. எழுந்து உக்காந்தாரே, அதுதான் பெருசு" என்றார். அப்போதுதான் அந்தக் காலை என் கண்முன் மறுபடி வந்தது. தரையில் கிடந்தது சுருள் சுருளான சீவல். தூள் ஒரு சிட்டிகை இல்லை. அத்தனை வருஷ நர்ஸ், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் கத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பேனா யாருக்கென்று பிறகு அண்ணியிடம் கேட்டேன். அண்ணிக்குத்தானாம். ஊருக்கெல்லாம் கடைந்தவர் அதுவரை வீட்டுக்காரிக்கு ஒன்றுகூடச் செய்ததில்லை. "எழுதறதுக்கு எனக்கு என்னா இருக்கு, நான் எதுக்குக் கேக்கப் போறேன்? படுத்தே கெடந்தாரேன்னு கேட்டேன். கேட்டதும் எழுந்து உக்காந்து நோட்ட எடுத்தாரச் சொன்னாரு" என்றார் அண்ணி. பாதி உருண்டையும் பாதி சதுரமுமாக அந்தக் கட்டை இன்னும் லேத்தில்தான் இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆக்சிஜன் இயந்திரம் பழுதான அன்று வேறொன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தெருப் பிள்ளைகளுக்கும், தினமும் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்த சொல்தா ஐயாவுக்கும், உண்மையை என்னிடம் மறைக்காத டாக்டருக்கும், பழைய ஆலைத் தோழர்களுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து உடனிருந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணிக்கு நான் நன்றி சொல்லத் தகுதியில்லாதவள். உங்கள் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் பரப்பிய பேச்சு பொய். அண்ணனைக் கடைசியாக எழுந்து உட்கார வைத்தவர் அவர். மறுபடி படுக்க வைத்தவள் நான்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையாவது எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "எல்லாம் எழுதிட்ட. அன்னிக்கு நீ வர்றதுக்கு முன்னாடி அவரு சிரிச்சிகினு இருந்தாரு. நான் சக்கரத்த ஏறுமாறா சுத்தறேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. அது நீ பாக்கல இல்ல, அதான் இதுல இல்ல" என்றார்.

அண்ணன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாராம். எழுதிவிட்டேன் அண்ணி.