பெரியப்பா வைக்காத கூட்டணி

"…அங்கதான் தம்பி நான் ஏமாந்தேன். நம்ம ஊர்ல கூட்டணின்னா ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். இன்னாரோட இன்னார், இத்தனை தொகுதி, முடிஞ்சுது. இவனுக ஓட்டையெல்லாம் எண்ணி முடிச்சுப்போட்டு அப்புறமில்ல பொண்ணு பாக்கப் போறானுக! நான் என்னத்தக் கண்டேன்?" என்றார் பெரியப்பா.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டு ஹால். கிறிஸ்துமஸ் விடுமுறை, மதியச் சாப்பாட்டு நேரம். அவர் மடியில் காகிதத் தட்டு, தட்டில் அம்மா செய்த பிரியாணி. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா, அதாவது பெரியப்பாவின் தம்பி. இன்னொருவர் அப்பாவோடு வேலை பார்த்த ஈரோட்டு அங்கிள். மூன்றாவதாக நானும் இருந்தேன், சோபாவுக்குப் பின்னால். எனக்கு ஒன்பது வயது.

பெரியப்பா இங்கிலாந்தில் இருந்தார். மான்செஸ்டர் பக்கத்தில் ஓர் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் ஒரு தடவையாவது எலும்பைப் படம் பிடித்துக் கொடுத்திருப்பார். "ஊரே என்னை உள்ளுக்குள்ள தெரிஞ்சு வச்சிருக்குது" என்று பெருமையாகச் சொல்வார். உண்மையில் ஊரை உள்ளுக்குள்ளே தெரிந்து வைத்திருந்தவர் அவர்தான். ஆனால் அவரிடம் அதைத் திருத்திச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

அந்த வருஷத் தேர்தலில் அவர் மஞ்சள் கட்சிக்காக வேலை செய்தார். கட்சிக்கு வேறு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் நிறத்தை வைத்துத்தான் பேச்சு. மூன்றாவது பெரிய கட்சி. காலேஜ் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று வேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பிப் பெரியப்பா வேலை முடிந்த பிறகு வீடு வீடாகப் போனார். துணைக்கு அவர் மகளும் போனாள். என் அக்கா, அப்போது பதினாறு வயது. அவள் கையில் நோட்டீஸ் கட்டு. ஆள் இல்லாத வீட்டில் கதவிலிருக்கும் தபால் ஓட்டையில் அதைச் செருக வேண்டும். அந்த ஓட்டையின் மூடி ஸ்பிரிங் வைத்தது, பட்டென்று விரலைக் கடிக்கும். அக்கா இரண்டு விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மஞ்சள் கட்சி போய் நீலக் கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. ஏழு மாதம் கழித்து, அதே ஆட்சி காலேஜ் கட்டணத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக ஏற்றியது. ஏற்றப்போகிறார்கள் என்று தெரிந்தபோதே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். அக்காவும் போனாள். பெரியப்பாவுக்குப் பள்ளியிலிருந்து ஃபோன் வந்தபோதுதான் தெரியும். "சொல்லாம எப்படிப் போவே?" என்று அவர் கேட்க, அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நிறுத்திய பேச்சை அவள் திரும்பத் தொடங்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். அங்கே பனி கொட்டி, விமானம் ஒரு நாள் தள்ளிப்போய், விமான நிலையத்தில் ஒரே பெஞ்சில் அப்பாவும் மகளும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் பெரியம்மா. "ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு தேசம். நடுவுல நான் ஒருத்தி பாஸ்போர்ட்ல முத்திரை குத்திட்டு உக்காந்திருக்கேன்" என்று பெரியம்மா சமையலறையில் அம்மாவிடம் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவர் நிஜமாகவே முத்திரை வைத்திருக்கிறார் என்று நினைத்து, கைப்பையைக்கூடத் திறந்து பார்த்தேன்.

எனக்கென்று ஒரு கவலை இருந்தது. மறுநாள் எல்லாரும் ஹூஸ்டன் போய் ராக்கெட் பார்ப்பதாகத் திட்டம். ஒரே வேன். நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம். "அவர் இருக்கிற வண்டியில் நான் வரமாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றார் பெரியம்மா. விருந்தாளி இல்லாமல் நாம் மட்டும் போவதா என்றாள் அம்மா. ஆக, பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட ஓட்டினால் டெக்சாஸில் எனக்கு ராக்கெட் போய்விடும் போலிருந்தது.

அன்று மதியம் ஈரோட்டு அங்கிள் சாப்பிட வந்தது இதற்கு நடுவில். அரசியல் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். சோறும் இருந்து அரசியலும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"ஏனுங்கண்ணா, இதுக்குப் போயி மனசு உடையறீங்க? கூட்டணின்னா பந்தி மாதிரி. பக்கத்து எலையில யாரு உக்காந்திருக்கான்னு பாக்கப்படாது, நம்ம எலையில என்ன விழுகுதுன்னுதான் பாக்கோணும்" என்றார்.

"எங்க எலையில ஒண்ணும் விழுகலையேப்பா" என்றார் பெரியப்பா. "எலையையே எடுத்துட்டுப் போயிட்டானுக."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார், ஆனால் சிரித்து முடித்ததும் மாடிப்படியைப் பார்த்தார். மாடியில்தான் அக்கா இருந்தாள், சாப்பிடக் கீழே வராமல்.

ஈரோட்டு அங்கிளுக்கு யோசனை உதித்தது அப்போதுதான். "கூட்டணி உடைஞ்சா என்ன பண்ணுவாங்க நம்ம ஊர்ல? தூது உடுவாங்க. பேச்சுவார்த்தைக்கு ஆள் வேணும், ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளு. பாப்பா, இங்க வா" என்று என்னை சோபாவுக்குப் பின்னாலிருந்து இழுத்து நிறுத்தினார். "நீதான் குழு. மேல போயி அக்காவோட நிபந்தனை என்னன்னு கேட்டுட்டு வரோணும். வந்து தமிழ்ல சொல்லோணும், இங்கிலீஷ் செல்லாது."

அப்பா கைதட்டினார். பெரியப்பா வேண்டாம் என்று கையை அசைத்தார், ஆனால் வாயால் சொல்லவில்லை.

நான் படியேறினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வரச் சொன்னார்கள் என்றேன். பசிக்கவில்லை என்றாள். இறங்கி வந்து சொன்னேன். "இது பதில் இல்ல, இது ஆரம்ப நிலைப்பாடு. திரும்பப் போ" என்றார் அங்கிள். இரண்டாவது தடவை ஏறி, பெரியப்பாவிடம் உனக்கு என்ன வேண்டும் என்று நேராகவே கேட்டேன். அவள் ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் எனக்குப் புரிய வைப்பது போலச் சொன்னாள்: "தப்பு என்று அவர் சொல்ல வேண்டும். கட்சியின் தப்பு என்று இல்லை. தன் தப்பு என்று."

இதை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எங்கள் வீட்டு மாடிப்படி பதினாலு. ஏழாவது படியில் நின்றுவிட்டேன். கீழே மூன்று பேர் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் முகம் ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களின் முகம் போல இருந்தது. எக்ஸ்ரே எடுக்கிறவருக்கு அந்த முகம் கொஞ்சமும் பொருந்தவில்லை. பெரியவரைப் போய்த் தப்பு என்று சொல்லச் சொல்வதா? எங்கள் வீட்டில் சின்னவர்கள்தான் சாரி சொல்வது வழக்கம். காலில் பந்து பட்டால்கூடப் பந்துக்குச் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். போதாததற்கு, மணி ஆகிக்கொண்டிருந்தது, ராக்கெட் ஹூஸ்டனில் இருந்தது.

"அக்கா சாரி சொல்லுச்சு" என்றேன், தமிழில்.

ஈரோட்டு அங்கிள் எழுந்தே நின்றுவிட்டார். "முடிஞ்சுது! கூட்டணி கையெழுத்தாச்சு! பாத்தீங்களா, நம்ம ஊர் டெக்னிக்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பெரியம்மா ஓடி வந்து என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். தூதுவருக்கு இவ்வளவு மரியாதை உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

பெரியப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியின் அடியில் போய் நின்றார். அக்காவைக் கூப்பிட்டார். அவள் மாடிப்படியின் மேல் முனையில் வந்து நின்றாள். "பரவால்ல கண்ணு. ஸ்கூலை உட்டுட்டுப் போனதை நான் மறந்துட்டேன். நீ சாரி சொன்னியல்ல, அது போதும்" என்றார்.

"அப்படி நான் சொல்லவே இல்லை" என்றாள் அக்கா, ஆங்கிலத்தில்.

ஹாலில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். என்னைத் தூக்கி வைத்திருந்த ஈரோட்டு அங்கிள் என்னைத் தரையில் இறக்கிவிட்டார். நான் நேரே போய் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அதனால் அடுத்து நடந்ததில் பாதியை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

அக்கா இறங்கி வந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், வேகமாக. அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவள் தோழி வீடு. தோழியின் அம்மா பஸ் ஓட்டுகிறவர்; அவர் கை முறிந்தபோது எக்ஸ்ரே எடுத்தது பெரியப்பாதான். இவர்கள் ஓட்டுக் கேட்டுப் போன அன்று, வேலை முடிந்து வந்த யூனிஃபார்மோடு கதவைத் திறந்தார். கட்டணம் ஏறாது என்று நிச்சயமாகத் தெரியுமா என்று பெரியப்பாவைக் கேட்டார். நிச்சயம் என்றார் பெரியப்பா. அந்த அம்மா மறுபடியும் கேட்டார். பெரியப்பா மறுபடியும் நிச்சயம் என்றார். இப்போது அந்தத் தோழி காலேஜுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஊர்வலத்தில் அக்காவின் பக்கத்திலேயே நடந்தாள், ஆனால் அவளோடு பேசவில்லை.

"அதுக்கு அண்ணன் என்ன பண்ணுவாரு பாப்பா?" என்றார் ஈரோட்டு அங்கிள். "கட்சி பண்ணுன வேலைக்கு…"

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டாவது தடவை கேட்டுட்டு அவங்க என்னைத்தான் பாத்தாங்க" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் வாயில் நான் கேட்ட முதல் தமிழ் அது. "நான் தலையாட்டினேன்பா."

டிவியில் சத்தமில்லாமல் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் புடவையிலிருந்து ஒரு கண்ணை எடுத்துப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் காரணம் என் பொய்தான், பெரியப்பாவுக்கு யாரோ தண்டனை கொடுக்கப் போகிறார்கள், அடுத்தது எனக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். கட்டணத்தை ஏற்றியது எங்கேயோ ஒரு மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். பெரியப்பாவுக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அவரும் ஏமாந்தவர்தான். பின்னே எதற்காக அவர் தப்பென்று சொல்ல வேண்டும், எதற்காக அக்கா அதற்காக ஒரு மாதம் பேசாமல் இருக்க வேண்டும்? எனக்கு விளங்கவில்லை. மஞ்சள் கட்சியின் தலைவரே மன்னிப்புக் கேட்டது அதற்கு ரொம்ப நாள் கழித்து. அந்தச் செய்தியைப் படித்தபோதும் எனக்கு முழுசாக விளங்கவில்லை. இப்போது, என் வார்த்தையை நம்பி ஒரு காரியத்தில் இறங்குகிற மனிதர்கள் எனக்கும் நாலு பேர் இருக்கிறார்கள். இப்போது கொஞ்சம் தெரிகிறது. மன்றத்தில் இருந்தவர்கள் அந்த அம்மாவின் வாசலுக்கு வரவில்லை. வந்தவர் பெரியப்பா. அந்த அம்மா நம்பியது கட்சியை அல்ல, தன் கை எலும்பைப் படம் பிடித்த மனிதரையும் அவர் பக்கத்தில் நின்று தலையாட்டிய பெண்ணையும்.

பெரியப்பா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அவங்க வீட்டு நம்பர் உங்கிட்ட இருக்குதா?" என்று அக்காவைக் கேட்டார்.

இருக்கிறது என்று அக்கா தலையசைத்தாள்.

"தம்பி, இங்கிருந்து அங்க அடிக்கிறதுக்கு முன்னால என்ன போடோணும்?"

"இப்பவாண்ணா? சாப்பிட்டுட்டு…" என்றார் அப்பா.

"அங்க ஏழரை மணி. வீட்டுல இருப்பாங்க."

அப்பா வீட்டு ஃபோனை எடுத்துக் கொடுத்து முதல் எண்களைச் சொன்னார். மீதியை அக்கா தன் செல்ஃபோனைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரியப்பா எங்கள் எல்லார் முன்னாலும், நின்றுகொண்டே பேசினார். தான் இன்னார் என்றார். ஏப்ரல் மாதம் உங்கள் வாசலுக்கு வந்தேன், நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னேன், அது என் தப்பு என்றார். என் மகள் மேல் தப்பில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பெரியப்பாவின் காது மட்டும் சிவந்துகொண்டே போயிற்று. கடைசியில் தாங்க்யூ என்று சொல்லி வைத்தார்.

ஈரோட்டு அங்கிள் மெதுவாக உட்கார்ந்து, ஆறிப்போன பிரியாணித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார், ஆனால் சாப்பிடவில்லை.

"அப்புறம் நாம போனதுல எந்த வீடு?" என்றார் பெரியப்பா.

அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு தோழி வீட்டு எண்ணைச் சொன்னாள். அந்த வீட்டில் எடுத்தவர்கள் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பெரியப்பா ஃபோனை வைத்தார். கொஞ்சம் தண்ணீர் குடித்தார். பிறகு அதே எண்ணை மறுபடியும் போட்டார்.