பினாங்கு போய்த் திரும்பிய சொல்

கடை மேசை இழுப்பறையில் ஒரு சாவி கிடக்கிறது. உள்ளங்கை நீளம், நல்ல கனம். அதன் பூட்டு எங்கே போனதென்று தெரியாது. சாவியைத் தூக்கி எறியவும் அலுப்பாக இருக்கிறது.

எழுபதுகளில் செங்கல்பட்டு பஜாரில் இருந்த எங்கள் வேர்க்கடலைக் குடோனின் சாவி அது. பல வருஷமாகக் கடிதமே போடாத பெரியத்தா, என் தகப்பனாரின் அண்ணன், ஒருநாள் பினாங்கிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து வீட்டு வாசலில் நின்றார். ஒரே மகளைத் தனியாளாக வளர்த்துக் கட்டிக்கொடுத்திருந்த பெரியம்மா, "யாரு நீங்க? தம்பியோட குடோன்ல எடம் கீதான்னு கேளுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். தம்பியான என் அத்தா குடோனில் பாய் போட்டுக் கொடுத்தார். மூன்று வேளையும் பெரியம்மா வீட்டிலிருந்து சாப்பாடு வரும். அழைப்பு மட்டும் வராது. அந்த வாசலைத் தாண்டினால் போதும் என்பதைத் தவிர பெரியத்தாவுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மாமல்லபுரம் பஸ் ஏறுவார். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்த நடையைப் பார்த்தாலே எனக்கும் அசதியாக வரும்.

ஒருநாள் மூட்டையில் சாய்ந்தபடி சொன்னார்: "நம்ம கெடங்குதாண்டா கப்பல் ஏறி, மலாய்க்காரன் வாயில குடாங் ஆச்சு. வெள்ளக்காரன் அத்த குடோன்னான். அது இங்க திரும்பி வந்தப்ப ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. ஆனா உள்ள சேத்துக்கினாங்க பாரு."

மனசு கேட்காமல் அதை அப்படியே பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அரிசி புடைத்த முறத்தைக் கீழே வைக்காமலே, "வார்த்த திரும்பி வந்தா சேத்துக்கலாம். அதுக்கு இன்னா, பொண்டாட்டியா, புள்ளயா?" என்றார்.

ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் கண்டு, மூட்டைகளுக்கு நடுவிலேயே பெரியத்தா மௌத்தானார். பெரியம்மா அழவில்லை. வெள்ளைப் புடவை உடுத்தி, உள்ளறையில் இத்தா இருக்க உட்கார்ந்துவிட்டார். புருஷனை இழந்தவள் நாலு மாசத்துக்கு மேல் வெளியே வராமல் இருக்கும் முறை அது. யாரென்று கேட்டு விரட்டிய மனுஷனுக்கா இத்தா என்று ஊரே வாயைப் பிளந்தது. அவர் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை.

இத்தா முடிந்ததும் முதல் வேலையாகக் குடோனுக்கு வந்தார். பாய் கிடந்த இடத்தைப் பெருக்கினார். நான் கதவைப் பூட்டப் போனேன்.

"பூட்டாதடா."

"எலி பூந்துடும் பெரிம்மா."

"பூந்தா பூரட்டும். இன்னொரு தபா வந்து வாசல்லயே நின்னுகினு இருக்கப் போறாரு."

இப்போது அங்கே மாடிக் கடைகள் வந்துவிட்டன. சாவி மட்டும், அன்றைக்கு நான் போட்ட இழுப்பறையிலேயே கிடக்கிறது.