வாய் கோணலாக இருக்கிறது, திருத்தவும்

ஆயில் பெயின்ட் காய ஒரு வாரத்துக்குக் குறையாது. அந்த ஒரு வாரமும் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள பெரிய இம்சை. வாட்டர் கலர்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். யாராவது வாயைத் திறப்பதற்குள் அவர்கள் படம் காய்ந்து தொலைத்துவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "ஈரமாத்தான இருக்கு, மாத்திருங்களேன்" என்று கேட்டுக் கேட்டே பாதித் தலை நரைத்தாயிற்று. நீங்களும் கேன்வாஸும் கையுமாக அலைகிறவர் என்றால் நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. இல்லையென்றால், நீங்கள் போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்தவர்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆபீஸில் கிளார்க். காலையில் ஆபீஸ் கிளம்புமுன் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தபின் ஒரு மணி நேரம், இவ்வளவுதான் என் ஓவிய வாழ்க்கை. இதற்கே வீடு பூராவும் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடை.

வாய்ப்பூட்டு

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர் 'ஈரப்படம்'. எட்டுப் பேர். போட்டு முடித்த படத்தை அங்கே காட்டக் கூடாது; பாதியில் நிற்கிற படத்தைத்தான் காட்ட வேண்டும். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நேரிலும் கூடுவோம், ஜங்ஷன் பக்கத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் இசக்கி அண்ணாச்சியின் மாடியில். குழுவுக்கு ஒரே ஒரு சட்டம்: படத்தைப் போட்டவர் அடுத்த கூட்டத்தில் எல்லாரும் பேசி முடிக்கும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக் கூடாது. யார் என்ன சொன்னாலும் பதிலுக்குக் கைகூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டு அடங்கிவிட வேண்டும்.

இந்தச் சட்டம் வந்ததே என்னால்தான். ஒரு தடவை நான் போட்ட எருமையைப் பார்த்து ஒருவர், "இது என்ன, பாறையா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அது ஏன் அப்படிப் படுத்திருக்கிறது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கொம்பு ஏன் தெரியவில்லை என்று வரிசையாகப் பதினாலு செய்தி அனுப்பினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு இசக்கி அண்ணாச்சி எழுதினார்: "ஸ்டெல்லாம்மா, நாளைக்கு இந்தப் படத்த ஒருத்தரு வாங்கிட்டுப் போனா, நீங்களும் கூடவே போயி அவரு வீட்டுல நின்னு வெளக்கஞ் சொல்லுவியளா?"

மைதீன் பாய் பாராட்டிய வெளிச்சம்

மைதீன் பாய் மேலப்பாளையத்துக்காரர். சவூதியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தண்ணீரைத் தவிர வேறெதையும் வரைய மாட்டார். அவர் வாயால் தண்ணீருக்குப் பாராட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் பாபநாசத்தில் ஆறு திரும்புகிற இடத்தை வரைந்து, ஈரத்தோடு போட்டோ எடுத்துப் போட்டேன். பாய் உடனே எழுதினார்: "தங்கச்சி, ஆத்துக்கு நடுவுல ஒரு வெள்ளைக் கீத்து விழுந்திருக்கு பாத்தியளா, அதான் படம். அத மட்டும் தொட்டுராதீங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் கேன்வாஸில் போய்த் தேடினேன். வெள்ளைக் கீற்று எதுவும் இல்லை. ஈரப் பெயின்டில் எங்கள் வீட்டு டியூப் லைட் பட்டுப் பளபளத்ததைத்தான் போன் படம் பிடித்திருக்கிறது. நம் எல்லாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் நான் அதோடு விட்டேனா? பாய் பாராட்டிவிட்டாரே என்று வெள்ளையைக் கட்டியாக எடுத்து அதே இடத்தில் ஒரு கீற்று போட்டேன். மறுபடி போட்டோ எடுத்து அனுப்பினேன். பாய் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதினார்: "முன்ன இருந்தது நல்லாருந்துச்சு தங்கச்சி. இப்ப என்னமோ டியூப் லைட்டு மாதிரி இருக்கு."

நடக்கிற தென்னை

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் உடனே கேட்டுவிடுகிற ஆள் நான். முக்கூடல் பக்கத்து வயலை வரைந்தபோது அதில் ஒரு தென்னை இருந்தது. இடது பக்கம் தள்ளுங்கள் என்றார் ஒருவர், தள்ளினேன். அங்கே கூட்டமாக இருக்கிறது என்றார் இன்னொருவர். வலது பக்கம் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கிற எங்கள் ஜெபா டீச்சர் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு நடுவுக்கு வரவேண்டும் என்றார்; வந்தது. நாலு வாரத்தில் அந்த மரம் வயல் பூராவும் சுற்றி வந்துவிட்டது. கடைசியில் இசக்கி அண்ணாச்சி எழுதினார்: "தென்ன மரம் நல்லா நடக்குதும்மா. அடுத்த வாரம் எங்கன வந்து நிக்கும்னு முன்கூட்டியே சொல்லிருங்க."

நல்ல பக்கம்

இனிமேல் சொல்வது என் வீட்டுக்காரரைப் பற்றி. அவர் தங்கராஜ், டவுன் பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இந்த வருஷம் ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தார், தண்ணீர் வலது பக்கம் வழியாக ஒழுகிவிட்டது. அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் முகத்தின் வலது பாதி தொங்கிவிட்டது. வலது கண்ணும் மூடவில்லை. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் போதும், மாசக்கணக்கில் பையப் பையச் சரியாகும் என்றார் டாக்டர். ஆனால் கண்டக்டருக்கு வாய் இல்லாமல் முடியுமா? விசிலை வைத்தால் உதட்டில் நிற்கவில்லை. மெடிக்கல் லீவு போட்டார். சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினார். யார் வந்தாலும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். டீ குடிக்கக்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாய் கோணியதை நான் தாங்கிக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர், என்னிடமே முகத்தை மூடுகிறாரே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதால் அவர் இன்னும் ஒடுங்கிப்போவார் என்று அழவும் இல்லை. ஒருநாள், "சும்மாதான இருக்கிய, காலையில ஒரு மணி நேரம் என் முன்னால உக்காருங்களேன், ஒரு படம் போட்டுக்கிடுதேன்" என்றேன். அவர் துண்டுக்குள்ளிருந்து சொன்னார்: "நல்ல பக்கத்த மட்டும் போடுததா இருந்தா உக்காருதேன்."

தபால்தலை ராஜா

இடது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் அவர் வாயை மூடாமல் உட்கார்ந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதற்காகவே நான் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் நேரத்தை இழுப்பேன். படத்தைக் குழுவில் போட்டேன். யார், என்ன என்று சொல்லவில்லை, சட்டம் இருக்கிறதே. அவரை அவர்கள் யாரும் பார்த்ததும் இல்லை.

இவரும் தினம் கேட்பார்: "ஒன் ஆளுவ என்ன சொல்லுதாவ?" ஒருநாள் ஜெபா டீச்சர் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன்: "ரெண்டு வாரமா ஒரே பக்கமாவே உக்காந்திருக்காரு. இவரு என்ன தபால்தலையில இருக்க ராஜாவா? முகத்தத் திருப்பி வைங்க ஸ்டெல்லா." படித்த பிறகுதான் ஏன் படித்தோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் நான் காபியோடு வந்தால் நாற்காலி என் பக்கம் திரும்பிக் கிடந்தது. அதில் நேராக என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ராஜா திரும்பிட்டாரு. போடு."

சிவப்புக் கோடு

அந்த வாயை நான் நாலு காலைகள் போட்டேன். இதுவரைக்கும் எதையும் அவ்வளவு உற்றுப் பார்த்துப் போட்டதில்லை. வலது ஓரம் எங்கே இறங்குகிறது, இடது பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று மில்லிமீட்டர் பிசகாமல் வந்தது. சந்தோஷத்தில் உடனே குழுவில் போட்டேன்.

அரைமணி நேரத்தில் இசக்கி அண்ணாச்சி போனிலேயே விரலால் வாய்க்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து அனுப்பினார். கீழே, "வாய் கோணலாக இருக்கிறது, திருத்தவும்." ஜெபா டீச்சர் ஒரு படி மேலே போய், மூக்குக்கு நேராக ஒரு கோடு, கண்மணிக்கு நேராக இரண்டு கோடு போட்டு, வாய் எங்கே உட்கார வேண்டும் என்று பென்சிலில் வரைந்தே அனுப்பிவிட்டார். அவர்கள் மேல் தப்பில்லை. தப்பைக் கண்டுபிடிக்கத்தானே குழுவே வைத்திருக்கிறோம். கைகூப்புகிற பொம்மையைப் போட்டேன். யாருக்கும் மனம் நோகாமல் பேசுகிற மைதீன் பாய் கடைசியாக வந்தார்: "முகம் அப்படியே உயிரோட இருக்கு தங்கச்சி. அந்த வாய மட்டும் சரி பண்ணிட்டியன்னா மாஷா அல்லாஹ்."

கல்யாண ஆல்பம்

அன்றைக்கு வீட்டுக்காரர் கேட்டதற்கு, "கலர் நல்லாருக்குன்னாவ" என்று பொய் சொன்னேன். மறுநாள் அவர் எழுமுன் துணியில் டர்பன்டைனைத் தொட்டு ஒரே இழுப்பு. ஈரப் பெயின்ட், நாலு நாள் வேலை துணியோடு வந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய வாயைப் பார்த்து நேராக ஒரு வாய் போட்டேன். ஊரார் சொன்னதற்காக மட்டும் இல்லை. படத்திலாவது நல்ல முகமாக இருக்கட்டுமே, பார்த்தால் அவருக்கும் ஆறுதலாக இருக்குமே என்றும் நினைத்தேன். தென்னையை நடக்க விட்ட புத்தி வேறெப்படி இருக்கும்?

அவர் பல் தேய்த்துவிட்டு வந்து படத்தின் முன்னால் நின்றார். துண்டு தோளில் கிடந்தது. அதை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏட்டி, இது யாரு? ஒனக்கு முன்னால துண்ட எடுத்துட்டு நான் உக்காந்திருந்தது இவனப் போடதுக்கா?"

ரெண்டு டிக்கெட்டா, மூணா

அப்போதுதான் அழுதேன். போனை எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். சிவப்புக் கோடு, பென்சில் படம், பாய் எழுதியது எல்லாவற்றையும் அவரே படித்தார். "கூட்டம் என்னைக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "அதுக்குள்ள அந்தக் கோண வாயவே திரும்பப் போடு. படத்த நான் கொண்டாரேன்" என்றார். மூன்றே நாளில் போட்டேன். பார்த்த வாய்தானே, கை தானாகப் போனது.

காயாத கேன்வாஸை எப்படித் தூக்குவது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டவும் முடியாது, கக்கத்தில் இடுக்கவும் முடியாது. இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்க வேண்டும். அவருக்குத் துண்டு பிடிக்க மூன்றாவது கை இல்லை. அப்படியே டவுன் பஸ்ஸில் ஏறினார், லீவு போட்டபின் முதல் தடவையாக. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டூட்டியில் இருந்த கண்டக்டர் இவருடைய சிநேகிதர். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பையைத் திறந்துகொண்டே கேட்டார்: "அண்ணே, ரெண்டு டிக்கெட்டா, மூணா?"

ஜெபா டீச்சர் கண்ணாடி போட்டார்

மாடியில் படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு இவர் பக்கத்திலேயே நின்றார். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள். இசக்கி அண்ணாச்சி தரையைப் பார்த்தார். மைதீன் பாய் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் பேசி முடிக்கும்வரை நான் பேசக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன். ஐயோ பாவம் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே, சொன்னால் இவர் மறுபடி துண்டுக்குள் போய்விடுவாரே என்று அது ஒன்றுதான் எனக்குப் பயம்.

ஜெபா டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி இவர் முகத்தை ஒரு தடவை, படத்தை ஒரு தடவை, மறுபடி இவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "வாய் சரியாத்தான் இருக்கு ஸ்டெல்லா, நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம். ஆனா வலது கண்ணு? அவருக்கு அது இன்னும் நல்லாப் பெருசா முழிச்சிட்டிருக்கே. வாயில இருந்த தைரியம் கண்ணுல இல்லையே ஒங்களுக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், கண்ணை நான் கொஞ்சம் சின்னதாக்கித்தான் போட்டிருந்தேன். இவர் சிரித்துவிட்டார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனால் கை வாய்க்குப் போகவில்லை. "நானும் அதத்தான் டீச்சர் சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

இப்போது அவர் சமையல்கட்டில் நின்று விசில் பழகுகிறார். பாதிக் காற்று போனாலும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, அடுத்த மாதம் டூட்டிக்குப் போகிறார். சர்ச்சுக்கும் வருகிறார். தினம் காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, "நேத்துள்ளதப் போடாத, இன்னைக்குள்ளதப் போடு" என்று அதிகாரம் வேறு.

ஆக, அவர் வாய் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டு வர, நான் துணியும் டர்பன்டைனுமாக அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு படம் முடியாமல் இழுப்பதற்காக ஒருத்தி சந்தோஷப்படுவது நம் தொழிலில் நடக்கிற காரியமா, நீங்களே சொல்லுங்கள்.